சுப்பையன் காலுக்குத் தவில்

தம்பிராஜா தவிலை நிறுத்தியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் சுப்பையன் மட்டும் கைக்குட்டையை வீசி மேலும் இரண்டு அடி வைத்தான். பக்கத்தில் நின்றவனின் நிழல் அசையாததைப் பார்த்துவிட்டுத்தான் அவன் நின்றான். நின்ற வேகத்தில் குனிந்து சலங்கையைத் தடவினான்.

"முடிச்சு அவுந்துபோச்சு," என்றான், யாரும் கேட்காமலே.

மலாய் நாட்டில், காஜா பெராங் வட்டாரத்து அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருந்த திடலில், சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் ஒயிலாட்டம் பழகிவந்தார்கள். ரப்பர் கிடங்கில் சிலர், முனிசிபலில் சிலர், சலவைக்கடையில் ஒருவன். யாருக்கும் ஆட்டம் தொழில் இல்லை. கல்யாணம், திருவிழா என்று கூப்பிட்டால் போய் ஆடிவிட்டுச் சாப்பிட்டு வருவார்கள். பாட்டெடுத்துக் கொடுத்து முன்னால் ஆடுபவன் சுப்பையன். தம்பிராஜாவின் அக்கா பூங்காவனத்தைக் கட்டியவன். போன மழைக்காலத்தில் கழுத்து விறைத்துக் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது அவன் காது போயிருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் நின்று பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துச் சமாளித்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் யோசனையில் இருப்பவன்போல நடந்தான். அவன் வேலை பார்த்த ரப்பர் கிடங்கு வாசலில் நாளெல்லாம் லாரிகள் பின்னுக்கு வந்துபோகும். காது கேளாத ஆளை அங்கே ஒருநாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டத்தில் அவன் அடிகள் தாளத்தைவிட்டு விலகத் தொடங்கியதை முதலில் கண்டவன் தம்பிராஜாதான். சொல்ல வாய் வரவில்லை. அதனால் அவன் தாளத்தை மாற்றிக்கொண்டான். சுப்பையனின் கால் விழுகிற இடத்தில் கோலை இறக்கினான். கால் வேகம் எடுத்தால் தவிலும் எடுத்தது. மற்றவர்கள் ஏதோ புது நடை என்று நினைத்துப் பின்னால் வந்தார்கள். அப்படியே மாதங்கள் ஓடின.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாத்தியார் சேதுராமன் திடலுக்கு வந்தார். அவர் ஊர்வலக் கமிட்டியில் இருந்தார்.

"மெர்டேக்கா சுதந்திர ஊர்வலத்துல மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரும் ஆடிப் பாடிக்கிட்டு வராங்க. நம்ம பக்கத்துலேர்ந்து நீங்கதான் ஆடணும், சுப்பையா."

சுப்பையன் அவர் வாயைக் கூர்ந்து பார்த்தான். பிறகு முகமெல்லாம் மலர, "ஆடிருவோம் சார்," என்றான்.

அன்று பூங்காவனம் தம்பியை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நீ அவரு காலப் பாத்துத்தானடா அடிக்கிற?"

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. தலையாட்டினான்.

"ஊர்வலத்துக்குப் போவேணாம்னு சொல்லு. கெடங்குல வேல வாங்குற மண்டோர் வாசல்லயே நின்னு பாப்பாரு. கண்டுக்கிட்டா வேல போயிரும்."

"நீயே சொல்லேன்க்கா."

"நான் வாயெடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. அப்புறம் கத்தித்தான் சொல்லணும். இந்தப் பலக வீட்ல கத்துனா தெரு முழுக்கக் கேக்கும். எழுதிக் காட்டலாம்னா அவருக்குப் படிக்கத் தெரியாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்த மீன் குழம்பைக் கிளறினாள்.

மறுநாள் தம்பிராஜா மச்சானைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போனான். அங்கே எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை என்பது அவன் கணக்கு. அலை நுரைத்துக்கொண்டு வந்தது. சுப்பையன் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்! ஒங்களுக்குக் காது கேக்கல மச்சான்!"

தூரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மீனவன் நிமிர்ந்து பார்த்தான். சுப்பையன் திரும்பவில்லை. தம்பிராஜா அவன் தோளைத் தொட்டுத் திருப்பப் பார்த்தான். தோள் இறுகி, கல்லாக இருந்தது.

"காத்து நல்லா அடிக்குது, என்ன?" என்றான் சுப்பையன், கடலிடம்.

காது விஷயம் வெளிப்பட்டுவிட்டது சுப்பையனுக்குத் தெரியும். மைத்துனன் என்ன சொல்ல வந்திருக்கிறான் என்பதும் தெரியும். தம்பிராஜாவுக்கு அதற்குமேல் கத்தத் தெம்பில்லை. இருவரும் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள்.

ஊர்வலத்தன்று தெங்கேரா சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். வீட்டு மாடிகளில் கொடி. இவர்களுக்கு முன்னால் ஒரு பேண்டு வாத்தியக் குழுவை விட்டிருந்தார்கள். அதன் முரசுச் சத்தத்தில் ஆட்டக்காரர்களின் கால்கள் தாமாகவே அதன் பக்கம் சாய்ந்தன. சுப்பையன் கால் மட்டும் தன் போக்கில் போனது. தம்பிராஜா பக்கவாட்டில் நடந்து, கண்ணை அந்தக் கால்களிலேயே வைத்துக்கொண்டு அடித்தான். விரல்நுனி எரிந்தது. மஞ்சள் கைக்குட்டை மேலே போனபோதெல்லாம் பிள்ளைகள் கை தட்டினார்கள். காய்ச்சலுக்கு முன்பும் சுப்பையன் இவ்வளவு அழகாக ஆடியதில்லை என்று தம்பிராஜாவுக்குத் தோன்றியது.

ரப்பர் கிடங்கை நெருங்கியபோது குறுக்குச் சாலையில் போலீஸ்காரர் விசிலடித்துக் கையை நீட்டினார். யாரோ பெரிய மனிதரின் கார்கள் வந்துகொண்டிருந்தன. பேண்டு ஏற்கெனவே கடந்து போயிருந்தது. ஆட்டக்காரர்கள் நின்றார்கள். தவிலும் நின்றது. விசில் கேளாத சுப்பையன், கை நீளுமுன்பே அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான்.

"மச்சான்!"

முதல் கார் குறுக்கே வந்தது. அடுத்தது அதை ஒட்டியே வந்தது. காலியான சாலையில், தாளமில்லாமல், சுப்பையன் தனியாக ஆடிக்கொண்டு போனான். கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது.

"காலையிலேயே தண்ணி போட்டுட்டான்டா!"

கிடங்கு வாசல்படியில் மண்டோர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

தம்பிராஜா மறுபடியும் அடிக்கத் தொடங்கினான். தாளம் இருந்தால் மச்சான் தாளத்துக்கு ஆடுவதாகவாவது ஊர் நினைக்கும். ஆனால் கார்கள் கால்களை மறைத்தன. கைக்குட்டை மட்டும் தெரிந்தது. குத்துமதிப்பாக அடித்தான். தப்பாக விழுவது அவன் காதுக்கே கேட்டது. வாத்தியார் சேதுராமன் ஓடிவந்து, "நிறுத்துப்பா, போலீஸ் சொல்லுது!" என்று கோல் பிடித்த கையைப் பற்றிக்கொண்டார்.

இந்த அடி முடிந்தால் அடுத்தது திரும்பும் அடி. முன்னால் ஆடுபவன் சுற்றித் திரும்பிப் பின்வரிசையைப் பார்க்க வேண்டும். தம்பிராஜாவுக்கு அது தெரியும். கடைசிக் காரும் போய்விட்டது.

சுப்பையன் திரும்பினான். எதிரே வெறும் தார்ச்சாலை. அப்பால் அசையாமல் நிற்கிற ஆட்கள், வாயைத் திறந்து சிரிக்கிற முகங்கள். கைக்குட்டை பிடித்த கை மேலேயே நின்றது. அவன் கண் மண்டோர்மீது ஒருமுறை போய், பின் அத்தனை முகங்களையும் தாண்டி, தம்பிராஜாவின் கைகளில் வந்து நின்றது. கோல் எப்போது இறங்கும் என்று அந்தக் கைகளையே பார்த்தபடி ஒரு காலைச் சற்றே தூக்கி வைத்திருந்தான்.

தம்பிராஜா அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.