அறுபத்து நான்கு கதவும் ஒற்றைக் காவலாளும்

கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பொறியாளர் உட்காரமாட்டார். இயந்திரத்தின் மின்குறிகளைப் பதிவுசெய்யும் அளவுப் பெட்டியின் பின்புறம் போய், செருகியிருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, கடைசிக் கம்பிக்கு வந்த பிறகுதான் நாற்காலியை இழுப்பார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். மூன்று வாரமாக மட்டும், அழுத்தி முடித்தும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த மருத்துவமனையின் நிலவறையில், புரோட்டான்களை வேகமேற்றிப் புற்றுக்கட்டிகளின்மேல் பாய்ச்சும் இயந்திரம் இருந்தது. சிகிச்சையின் நடுவே அந்தப் புரோட்டான் கற்றை திடீர் திடீரென அறுந்துபோனது. நோயாளிகள் மேசையில் அசையாமல் காத்துக்கிடந்தார்கள். அளவுப் பெட்டியின் பதிவு ஒன்றைப் பார்த்த பொறியாளர், முதலில் விழுந்தது கற்றையை வளைக்கும் காந்தத்தின் மின்சாரமே என்று அறிக்கை கொடுத்தார். காந்தங்களைப் பராமரித்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். மறுநாளே மச்சானைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் தட்டு வரும். மனைவியின் பேச்சு வராது.

மச்சான் போனபிறகும் கற்றை அறுவது நிற்கவில்லை. புதுப் பெட்டி வாங்குவதென்று முடிவாயிற்று. சோதனைக்கு வந்த இரண்டில் ஒன்றுக்குக் கம்பி செருகும் தடங்கள் அறுபத்து நான்கு, மற்றதற்கு முப்பத்திரண்டே.

"பெரிசு இருக்கிறப்ப சின்னதை யாரும்மா வாங்குவா?" என்றார் பொறியாளர்.

கருவிக்கூடத்துப் பெண்மணிக்குப் பட்டப்பெயர் ஊசி. எதையும் சுருக்கென்று சொல்லிவிடுவாள்.

"தடம் அறுபத்து நாலு சார், உள்ள அளக்கிற கருவி ஒண்ணே ஒண்ணு. ஒத்தைக் காவலாள் ஒவ்வொரு கதவா எட்டிப் பார்க்கிற மாதிரி. அவன் மூணாவது அறையைத் தாண்டினதும் கட்டடம் முழுக்க விளக்கு அணைஞ்சா, நாற்பதாவது அறைதான் முதல்ல இருட்டாச்சுன்னு சத்தியம் பண்ணுவான். சின்னதுல கதவுக்கு ஒரு ஆள்."

"கண்ணு இமைக்கிறதுக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிடுமே."

"கற்றை அறுறதுக்கு அதுல பாதி நேரம் போதும் சார்."

ஒரே மின்குறியை மூன்றாம் தடத்திலும் நாற்பதாம் தடத்திலும் கொடுத்து, அதை ஐந்து முறை துண்டித்துக் காட்டினாள். பெரிய பெட்டியில் மூன்று முறை நாற்பதாவது முந்திக்கொண்டது. இரண்டு முறை மூன்றாவது. சிறிய பெட்டியில் நாற்பதாம் தடம் இல்லாததால் மூன்றிலும் முப்பதிலும் கொடுத்தாள்; ஐந்து முறையும் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

பொறியாளர் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"நம்ம பழைய பெட்டி?"

"அதுவும் ஒத்தைக் காவலாள்தான் சார். காந்தம் நாற்பதாவதுல இருக்கு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

சிறிய பெட்டிகள் இரண்டு வாங்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிடங்குக்கு விரைந்தார்.

மச்சான் திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தப்பு என்னோடது மச்சான். உங்க மேல சொன்னதுக்கு என்கிட்ட ஆதாரமே இல்லை."

"யார்கிட்ட சொல்றீங்க மாப்பிள்ளை? இங்க இருக்கிறதெல்லாம் திருகாணி. அதுங்க என்னைச் சந்தேகப்படலை."

பொறியாளர், "பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு நீங்களும் வாங்க" என்றார்.

கூட்டத்தில் தலைமை மருத்துவர் உட்படப் பதினோரு பேர். கதவோரம் மச்சான் கைகட்டி நின்றார். எல்லாரும் புதுப் பெட்டியைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தபோது, பொறியாளர் எழுந்து தம் பழைய அறிக்கையை வாசித்தார்; அதில் எந்த வரி பொய், அது எப்படிப் பொய்யாயிற்று என்று விளக்கினார்; இவரைத் திரும்பவும் காந்தப் பிரிவுக்கே அனுப்ப வேண்டும், எழுத்திலும் தருகிறேன் என்று, மச்சானைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.