தொந்தரவு தராத பிள்ளை

வாலுவுக்கு வந்த சளி வீட்டையே இரண்டாக்கிவிட்டது. முந்தின நாள் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்தவள், காது குத்துது, தொண்டை எரியுது, கஞ்சி சுடுது, கஞ்சி ஆறிப்போச்சு என்று ஓயாமல் கத்தினாள். ஆறு வயசுக்கு அந்தத் தொண்டை கொஞ்சம் அதிகம்தான். தையல் மெஷினில் பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு அம்மா அவளைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பட்டுவுக்கும் அதே சளிதான். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. இதயத்தில் இருந்த ஓட்டையைப் போன வருஷம்தான் அடைத்தார்கள். மெத்தையில் கிடந்தாள், ஒரு சிணுங்கல் கிடையாது.

"உன் தங்கச்சியப் பாருடி! அவளுக்கும்தான் சளி. எவ்வளவு சமத்தா கிடக்குறா! நீ வளந்ததுதான் மிச்சம்."

பட்டு அழாத பிள்ளை என்பதில் அம்மாவுக்கு அத்தனை பெருமை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்ட வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பட்டு ஒரு தொந்தரவும் தரமாட்டா, நல்ல புள்ளைங்கள வெச்சிருக்கவங்கதான் தூங்காம அல்லாடுறாங்க" என்று வெடுக்கென்று சொல்லி வாயை அடைப்பாள். அந்தப் பெருமைதான் அன்றைக்குக் கண்ணை மறைத்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மத்தியானம் பால் புட்டியை வாயில் வைத்தபோது பட்டு குடிக்கவில்லை. நெற்றியைத் தொட்டாள், பெரிய சூடு இல்லை. ஈரச் சட்டையை மாற்றலாம் என்று கழற்றினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே சதை குழி விழுந்து உள்ளே போனது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. உதட்டோரம் நீலம்.

"ஐயோ, பட்டு! கண்ணத் திறடி!"

கண் திறந்தது, திரும்ப மூடிக்கொண்டது. பிள்ளையை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டபடி ஓடினாள். நல்லவேளை, வண்டி வாசலில் நின்றது. வாலு பின்னாலேயே ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டு, "நானும் வரேன், எனக்கும் காது வலிக்குது" என்று வீறிட்டாள்.

"வாய மூடு! நீ போட்ட கூச்சல்லதான் இவளக் கவனிக்காம விட்டேன். இவளுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் இருக்கு உனக்கு!"

வாலு சட்டென்று அடங்கினாள். டாக்ஸிக்காரர் மனைவி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பட்டுவின் மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். "சூடு கூட இல்லையே டாக்டர், அழவே இல்லையே!" என்று அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அழறதுக்கும் தெம்பு வேணும்மா," என்றார் டாக்டரம்மா. "பெரியவளுக்கு மூக்கொழுகலோட போற அதே வைரஸ், இவளுக்கு நுரையீரலுக்கே இறங்கிடும். இந்தப் புள்ளைங்களுக்கு மூச்சுக்குழாய் சின்னது, தசை தளர்வு, எதிர்த்து நிக்கிற சக்தியும் கம்மி. அதனால சத்தம் போடலன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. நெஞ்சப் பாருங்க, பால் குடிக்கிறாளான்னு பாருங்க."

"பொழைச்சுடுவாளா?"

"இன்னிக்குப் பொழுது போகட்டும். பக்கத்துலயே இருங்க."

பஸ் ஓட்டப் போயிருந்த புருஷன் சீருடையோடு வந்து நின்றார். இரண்டு பேரும் பட்டுவின் விலாவுக்குக் கீழே அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூட அம்மாவுக்குத் தோன்றவில்லை, குழியைத்தான் கும்பிட்டாள். விழாதே, விழாதே என்று.

மறுநாள் குழி குறைந்தது. பட்டு பால் கேட்டு வாயைச் சப்பினாள். "கண்டம் தாண்டியாச்சு," என்று நர்ஸ் சிரித்தாள். புருஷனை உட்காரவைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அம்மா வீட்டுக்கு வந்தாள்.

டாக்ஸிக்காரர் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உன் வாலா இது? நேத்துலேருந்து வாயே திறக்கல. சாப்பாடு வேணாம்னுட்டா, சுருண்டு படுத்துட்டா. என்னா சமத்து!"

அம்மா செருப்பைக்கூட உதறாமல் அவர்கள் வீட்டுக்குள் ஓடினாள்.

வாலு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போர்வை நுனியை வாய்க்குள் திணித்து இறுகக் கடித்திருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. காதிலிருந்து சீழ் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

போர்வையை வெளியே இழுத்ததும் பிள்ளை மெதுவாகக் கேட்டாள். "நான் கத்தவே இல்லம்மா. பட்டுவ நல்லா பாத்தாங்களா?"

"கத்துடி என் ராசாத்தி," என்று அம்மா அவளை அள்ளிக்கொண்டு ஓவென்று அழுதாள். "எங்க வலிக்குதோ சொல்லு, ஊரே கேக்கறமாதிரி கத்து!"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, வாலு உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள்.