ஏழு மணி வகுப்பு

இப்போது எடுக்கக் கூடாது. எடுத்தால் கேட்பான். கேட்டால் சொல்லியாக வேண்டும். குக்கர் இன்னொரு விசில் விடட்டும், அதற்குள் அதுவாகவே நின்றுவிடும்.

அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, சுவரில் முட்டி நின்றது. மணிமொழி கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் 'அருண்பிரசாத் கோடிங்' என்று வந்தது. சென்னையில் எங்கோ உட்கார்ந்துகொண்டு மேடம் மேடம் என்று பேசுகிறவன். அவன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று நாளாக அவனுக்குப் பயந்துகொண்டிருந்தாள்.

"யாரு மொழி, கடன்காரனா?" என்றான் அவள் கணவன் காசி, ஷேர் ஆட்டோ சாவியைத் தேடியபடி.

"கோடிங் கிளாஸ்ல இருந்து. ரெண்டுல எதுன்னு கேக்கறாங்க."

"இதுல இன்னா யோசனை? எப்ப வேணா பாக்கலாம்னு ஒண்ணு இருக்குதுல்ல, அதைச் சொல்லிட்டுப் போவியா."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். கல்லூரியில் படித்த சி மொழியெல்லாம் எப்போதோ கரைந்துபோய், பிள்ளைகளுக்குப் படம் வரையவும் கடிதம் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தே வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் கரெஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, வரும் ஜூனிலிருந்து ஆறாம் வகுப்புக்குக் கோடிங் வருகிறது என்றார். "நீங்களே எடுத்தா எனக்கு சந்தோஷம்மா. அதுக்குள்ள ஒரு கோர்ஸ் முடிச்சிடுங்க. இல்லேன்னா வெளிய ஆள் பாக்கற மாதிரி ஆயிடும்." கோபமாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்திருப்பாள். அவர் அத்தனை மெதுவாகச் சொன்னதால் திட்டவும் முடியவில்லை. அன்றிலிருந்து லேப் சாவியைத் தொடும்போதெல்லாம் அது அடுத்தவர் பொருள் போலத் தோன்றியது.

அருண்பிரசாத்தின் நிறுவனத்தில் ஒரே படிப்பு இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் பாடங்களை முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். நினைத்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மற்றது நேரடி வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழிலிருந்து எட்டரை. கேமராவில் முகம் தெரிய உட்கார வேண்டும், கேள்வி கேட்பார்கள், முதல் வகுப்புக்கு வராதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

"குழந்தை இருக்குதுங்களா மேடம்? வேலைக்கும் போறீங்க. அப்ப உங்களுக்கு ரெக்கார்டட்தான் கரெக்ட். பிஸியா இருக்கற அம்மாங்களுக்காகவே பண்ணது. ஒரு வாரம் சும்மா பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றிருந்தான்.

அந்த ஒரு வாரம் நாளையோடு முடிகிறது.

முதல் பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. கண்ணாடி போட்ட ஒருவர் திரையில் வந்து, லூப் என்றால் என்ன என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது காசி சாப்பிட உட்கார்ந்தான். பாடத்தை நிறுத்திவிட்டுப் போனாள். மறுநாள் திறந்தபோது மகள் கவிநிலாவுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது. அதற்கு மறுநாள் தண்ணீர் லாரி. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், அதுவும் அன்பாகத்தான்: அது எங்க போவுது, எப்ப வேணா பாக்கலாம்ல. திரையில் அந்த மனிதர் ஒரு கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அந்த சாரு இன்னுமா வாயத் தெறந்துகினே இருக்காரு? ஈ போயிடப் போவுது" என்றாள் கவிநிலா.

மணிமொழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மடிக்கணினியை மூடினாள்.

சனிக்கிழமை, கேட்காமலே ஒரு காலைப்பொழுது அவளுக்குக் கிடைத்தது. காசி சவாரிக்குப் போயிருந்தான். கவிநிலா பக்கத்து வீட்டுப் பிறந்த நாளுக்குப் போய்விட்டாள். மாடி அறைகளில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர்கள் ஆசிரமத்துக்குக் கிளம்பிப் போன பிறகு படிக்கட்டில் காலடிச் சத்தம்கூட இல்லை. மணிமொழி மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த மனிதரின் வாய் ஒருவழியாக அசைந்தது. நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். முடிவில் சின்னதாக ஒரு கணக்கைக் கொடுத்து, "இப்ப வீடியோவ நிறுத்திட்டு நீங்களே எழுதிப் பாருங்க" என்றார்.

நிறுத்தினாள். வெள்ளைத் திரையில் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. ஒரு வரி அடித்தாள். தப்பென்று சிவப்பாகக் காட்டியது. மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு.

இட்லிக்கு அரிசி ஊறப்போடவில்லையே என்று தோன்றியது. எழுந்து போய் ஊறப்போட்டாள். அப்படியே பிரிட்ஜைத் திறந்தாள், அடித்தட்டில் கொத்தமல்லி வாடிக் கிடந்தது. தட்டை உருவிக் கழுவினாள். ஊறுகாய் பாட்டிலின் மூடி பிசுபிசுத்தது. அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கை நின்றது.

யார் கேட்டார்கள் இதை? வீட்டில் ஒருவரும் இல்லை. இந்த மூடியைத் துடைக்கச் சொல்லி எந்தக் குரலும் வரவில்லை.

இத்தனை நாளும் காசி மேலும், குழந்தை மேலும், தண்ணீர் லாரி மேலும் அவள் ஒரு சின்னக் குறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குறை இப்போது பிடிமானம் இல்லாமல் நின்றது. அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போனதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததே. அதை அவள் பார்க்காதது போல் இருந்திருக்கிறாள். நேரடி வகுப்பென்றால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகத் தெரியும். நடுவில் தன் முகமும் இருக்கும். மணிமொழி மேடம் நீங்க சொல்லுங்க என்பார்கள். தெரியவில்லை என்று, டீச்சராக இருப்பவள், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண், "மிஸ், உங்களுக்கு பைத்தான் கோடிங் தெரியுமா?" என்று கேட்டபோது, அதெல்லாம் பெரிய கிளாஸ்ல என்று சொல்லிவிட்டு, இல்லாத தூசியைக் கீபோர்டிலிருந்து தட்டியது நினைவுக்கு வந்தது. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், ஜூன் வரைக்கும் ஊறுகாய் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்துவிடுவாள். அது நிச்சயம். வேறு யாரும் அவளை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதே இருக்காது.

கையைத் துடைத்துக்கொண்டு அருண்பிரசாத்தைக் கூப்பிட்டாள்.

"ஏழு மணி கிளாஸ்ல போட்டுடுங்க."

"மேடம், நல்லா யோசிச்சீங்களா? குழந்தை வச்சிருக்கற அம்மா யாருமே லைவ் எடுக்க மாட்டாங்க. சாயங்காலம் வீட்ல எவ்வளவு வேலை…"

"அதுக்குத்தாங்க."

அவனுக்குப் புரியவில்லை. "சரிங்க மேடம். பர்ஸ்ட் கிளாஸ் திங்கக்கிழமை. மிஸ் பண்ணிடாதீங்க."

பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமையில் வெள்ளை வட்டம்.

"ஐயோ, திங்கக்கிழமை பௌர்ணமிங்க."

"பௌர்ணமின்னா உங்க ஊர்ல லீவா மேடம்?"

பௌர்ணமியன்று ஊருக்குள் பஸ் வராது, ஆட்டோ வெளியிலேயே நின்றுவிடும், காசி விடிந்துதான் வருவான், லட்சம் பேர் போனை எடுத்தால் சிக்னல் செத்துப் போகும், அவள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இருப்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் செருப்பை அங்கேதான் கழற்றிப் போட்டுவிட்டு நடப்பார்கள், நாத்தனார் சந்திரகலா தன் இரண்டு பிள்ளைகளையும் அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவாள் என்றெல்லாம் அவனிடம் சொல்ல முடியுமா?

"லீவெல்லாம் இல்ல. வந்துடறேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கார அம்மா ஜோதியம்மாளிடம் போய், மாடியில் இருப்பவர்களுக்காகப் போட்டிருந்த வைஃபையை வாரத்தில் மூன்று நாள் பயன்படுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தனக்கென்று அந்த அம்மாவிடம் அவள் எதையும் கேட்டதில்லை. "படிக்கட்டுல ஒக்காந்தாதான் எடுக்கும், பரவால்லையா?" என்று கேட்டுவிட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னாள் ஜோதியம்மாள். பிறகு மணிமொழி சந்திரகலாவுக்கும் போன் செய்தாள். "இந்த மாசம் பசங்கள பாத்துக்க முடியாது சந்திரா. ஏழு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்குது."

"சரிங்கண்ணி, சரிங்கண்ணி" என்று சிரித்தாள் சந்திரகலா. அந்தச் சிரிப்பு மணிமொழியை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை மதியத்திலிருந்தே சந்து முனையில் கூட்டம் நகரத் தொடங்கியது. காவல்துறை ஒலிபெருக்கி, காணாமல் போன யாருடைய பெயரையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மணிமொழி மூன்று முறை வைஃபையைச் சோதித்துப் பார்த்தாள். கவிநிலாவுக்கு முன்கூட்டியே சோறு போட்டு, வரைவதற்குத் தாள் கொடுத்து, படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்காரவைத்தாள். கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு சந்திரகலா வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள்.

ஆறே முக்காலுக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்து ஊருக்கு வெளியே இறங்கி நடந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சந்திரகலா, அவள் புருஷன், அண்டை வீட்டுக்காரர்கள் நான்கைந்து பேர். வாசலில் செருப்புகள் குவிந்தன. சந்திரகலாவின் இடுப்பில் சின்னவன், கையில் பெரியவன்.

"அத்தே!" என்று பெரியவன் ஓடி வந்து மணிமொழியின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் கை தானாகவே அவன் தலையைத் தடவியது.

"இன்னாண்ணி, படிக்கட்டுல கடை போட்டுகினு ஒக்காந்துகினு கீறீங்க? டிக்கெட் குடுப்பீங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மணிமொழியும் கொஞ்சம் சிரித்தாள்.

"போன்லயே சொன்னேனே சந்திரா. கிளாஸ்."

"தெரியும்ணி. அது பாட்டுக்கு அது ஓடட்டும். இதுங்க ஒரு ஓரமா வெளாடும், ஒரு கண்ணு பாத்தா போதும். இதுங்கள இழுத்துகினு பதினாலு கிலோமீட்டர் எப்டி நடப்பேன்? அவரு வேண்டுதல் வேற, விட முடியாது."

ஒரு கண்ணு பார்ப்பது எப்படி என்று மணிமொழிக்குத் தெரியும். சின்னவன் பசியில் அழுவான். பெரியவன் செருப்புக் குவியலில் ஏறி விழுவான். அவளே எழுந்து போவாள். எழுந்து போவதில் ஒரு நிம்மதி வேறு இருக்கும். மடிக்கணினித் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு மூலையில் அவள் முகம், வியர்த்து, யாரோ மாதிரி.

"அப்டி முடியாதுன்னா இன்னொண்ணு கீதாமே" என்றாள் சந்திரகலா. குரல் தணிந்து, நிஜமான யோசனையோடு வந்தது. "எப்ப வேணா பாக்கலாமாம், அண்ணன் சொல்லுச்சு. அதுக்கு மாத்திக்கங்கண்ணி. உங்களுக்கும் டென்ஷன் இல்ல, எங்களுக்கும் மாசா மாசம் கஷ்டம் இல்ல. இப்பவே போன் பண்ணி சொல்லிடுங்க, நான் வேணா பேசட்டுமா?"

தலைவலி என்று சொல்லலாம். ஸ்கூலில் கட்டாயம் என்கிறார்கள் என்று சொல்லலாம். இரண்டு இரவுகளாகத் தூக்கம் வராமல் அவள் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே பாதி உண்மை. அவற்றில் எதைச் சொன்னாலும் சந்திரகலா அதற்கு ஒரு வழி வைத்திருப்பாள்.

பெரியவனின் விரல்களைத் தன் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். அவன் கையைக் கொண்டுபோய் அவன் அம்மாவின் கையில் வைத்தாள்.

"மாத்திக்க மாட்டேன் சந்திரா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "பசங்களக் கூட்டிகினு போ."