மேலே தெரிந்த பக்கம்

என் எட்டு மாத வேலை தப்பு என்று திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிந்தது. அந்த வேலையைத்தான் வெள்ளிக்கிழமை கட்டுரையாக அனுப்புவதாக இருந்தோம்.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, நடுவில் ஒரு புரத வளையம் சுருக்குப்பையின் கயிறு மாதிரி இறுகி இரண்டையும் பிரித்துவிடும். நஞ்சுக்கொடியில் உள்ள குழந்தையின் செல்களில் இந்த வளையம் சரியாக இறுகுவதில்லை, அதனால் ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் தங்கிவிடுகின்றன என்பது என் முடிவு. நூற்றுக்கு நாற்பது செல்கள் அப்படித்தான் இருந்தன. கட்டுரை வெளியானால் என் ஒப்பந்தம் இரண்டு வருடம் நீளும். இல்லாவிட்டால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரே ஒரு சரிபார்ப்பு பாக்கி இருந்தது. ஆண் குழந்தைகளின் நஞ்சுக்கொடித் துண்டுகளில் ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமுக்குச் சாயம் ஏற்றினேன். குழந்தையின் செல் என்றால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியவேண்டும். சனிக்கிழமை நூறு செல்களை எண்ணினேன். ஒன்பதில்தான் புள்ளி. சாயம் கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் புட்டியைத் திறந்து மறுபடி செய்தேன். திங்கட்கிழமை எண்ணியபோது பதினொன்றில் புள்ளி. மீதி அத்தனையும் தாயின் செல்கள்.

நேரே பிரசவ வார்டுக்குப் போனேன். எங்களுக்கு நஞ்சுக்கொடிகளை அனுப்பும் மூத்த சிஸ்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நஞ்சுக்கொடியத் தட்டுல எப்படி வைப்பீங்க?"

"அம்மா பக்கம் மேல. துண்டு கிண்டு உள்ள தங்கிடுச்சான்னு பாக்கணும்ல? தங்கிட்டா அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்காது."

"அப்படியே மூடி எனக்கு அனுப்பிடுவீங்களா?"

"பின்ன, பவுடர் போட்டா அனுப்புவாங்க, டாக்டரம்மா?"

நான் தட்டைத் திறந்து, மேலே தெரிந்த பக்கத்திலேயே மெல்லிசாகச் சீவி எடுத்திருக்கிறேன். அங்கே ஒட்டியிருப்பது தாயின் கருப்பைச் சவ்வு. அதை வழித்துப் போட்டுவிட்டு ஆழத்தில் வெட்டியிருக்க வேண்டும். இதற்குமுன் எலிகளில் வேலை செய்தவள் நான். நகத்தளவு நஞ்சுக்கொடியை முழுசாகவே எடுத்துச் சோதித்துப் பழக்கம். எந்தப் பக்கம் என்ற கேள்வியே மனதில் எழவில்லை.

எங்கள் ஆய்வகப் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சில செல்கள் தாயோடதா இருக்கலாம்னு கடைசில ஒரு வரி சேர்த்துடலாம்மா."

"சிலதா? நூத்துக்குத் தொண்ணூறு சார்."

"ஜூன்ல உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இன்னும் பன்னெண்டு வாரம். வாரத்துக்கு மூணு எடுத்தா முப்பத்தாறு நஞ்சுக்கொடி. போதும்."

"இதே முடிவு வரலேன்னா?"

"வரலேன்னு எழுதுவோம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன்னோட மல்லுக்கு நிக்க முடியாது. கட்டுரைய நிறுத்தி வைக்கிறேன். ஒப்பந்தத்துக்கு மட்டும் என்னை நம்பாத."

"சரி சார்."

வீட்டில் அக்கா ஒரு சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"எட்டு மாசமா? அதுக்குள்ள ஒரு புள்ளையே பெத்திருக்கலாமேடி!"

"பெத்தவங்க முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்கக்கா. அத வச்சுக்கிட்டு நான் பொய் எழுதவா?"

"யாரு எழுதச் சொன்னா? ஜூனுக்கு அப்புறம் எங்கூட பட்டன் தைக்க வா. எந்தப் பக்கம் தைக்கணும்னு மட்டும் முதல்லயே கேட்டுக்க."

சிரிப்பு வந்தது. அவள் மேல் கோபமும் வந்தது.

வியாழக்கிழமை வார்டிலேயே காத்திருந்தேன். பிறந்தது ஆண் குழந்தை. சிஸ்டர் பார்த்து முடித்ததும் தட்டை வாங்கி, மேல் சவ்வை வழித்தெடுத்து, ஆழத்தில் ஐந்து இடங்களில் வெட்டினேன். ஒவ்வொரு புட்டியிலும் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை எண்ணினேன். நூற்றில் தொண்ணூற்றாறு செல்களில் சிவப்புப் புள்ளி. அந்தத் தொண்ணூற்றாறில் இரண்டு உட்கரு உள்ளவை நான்கே நான்கு. கண்ணைக் கழுவிவிட்டு வந்து இன்னொரு துண்டில் எண்ணினேன். மூன்று. குழந்தையின் செல்களில் வளையம் ஒழுங்காகத்தான் இறுகுகிறது. நான் முன்பு எண்ணிய நாற்பதும் தாயின் செல்கள்தான்; என் முடிவு அதோடு போயிற்று.

இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி, பேராசிரியருக்கும் அனுப்பிவிட்டு, வார்டுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், இன்னைக்கு யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு பேர். ஒருத்தி கையெழுத்துப் போட்டாச்சு, இப்பவோ அப்பவோன்னு இருக்கா. வர்றதா இருந்தா உடனே வா."

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.