இடது கையால் சரித்திரம்

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் ஒரு தையல் தொழிற்சாலையில் நீராவி இஸ்திரிப் பெட்டி லோஷினியின் வலது கையைச் சுட்டபோது, சரித்திர மறுதேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மற்ற பாடங்களில் தேறியிருந்தாள். சரித்திரம் மட்டும் போயிருந்தது. அது இல்லாமல் சான்றிதழே கிடையாது. தாதியர் கல்லூரியில் சேர அந்தச் சான்றிதழ் வேண்டும். காயத்தைக் காட்டித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு, இடது கட்டைவிரலால் கைப்பேசியில் குறிப்புகளைத் தட்டினாள். புத்தகத்தில் இருந்ததெல்லாம் அப்படியே திரைக்கு வந்தது. அறைத்தோழி நுஸ்ரத் கேள்வி கேட்டால் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"மலாயன் யூனியன ஏன் எதிர்த்தாங்க? காலையிலதானே டைப் பண்ண?"

"பண்ணேன்லா. எந்தப் பக்கம்னுகூடத் தெரியுது, விஷயம்தான் வர மாட்டேங்குது." லோஷினி கைப்பேசியை மெத்தையில் எறிந்தாள். "எனக்கு எழுதினாத்தான் மண்டையில ஏறும். இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்?"

"இன்னொரு கை இருக்குல்ல?"

எரிச்சலோடுதான் ஆரம்பித்தாள். அரைப் பக்கத்துக்குள் தோள் கடுத்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. முழு வாக்கியம் எழுத முடியாததால், ஒரு பத்தியைப் படித்து, எது முக்கியம் என்று யோசித்து, இரண்டு மூன்று சொற்களில் எழுதினாள். அழுதுகொண்டே எழுதிய நாளும் உண்டு. ஆனால் துணி காயப்போடும்போது அந்தச் சொற்கள் தாமாகவே நினைவுக்கு வரத் தொடங்கின. புத்தகத்தில் எங்கிருந்து நுஸ்ரத் கேட்டாலும் லோஷினி பதில் சொன்னாள்.

தேர்வு மண்டபத்தில் கேள்வித்தாளைப் பிரித்ததும் எல்லாமே தெரிந்தது. வலது கையால் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். புதுத்தோல் இழுத்தது, பேனா நழுவியது. இடது கைக்கு மாற்றினாள். இரண்டாம் கேள்வி முடிவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மனம் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க, கை மூன்றாவதில் ஊர்ந்தது.

மணி அடித்தது.

"டீச்சர், கொஞ்ச நேரம் குடுங்க, எல்லாம் தெரியும்!" என்று மலாயில் கெஞ்சினாள். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை முடியாதென்று தலையை ஆட்டிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற நுஸ்ரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, எழுதாமல் விட்ட விடைகளை லோஷினி ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். மற்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

முடிவு வந்தது. தேறவில்லை.

"அடுத்த வருஷத்துக்குள்ள கை ஆறிடும்," என்றாள் நுஸ்ரத்.

"அதுவரைக்கும் இதெல்லாம் மண்டையில நிக்குமா?"

நுஸ்ரத் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோணல் எழுத்துக் குறிப்புகளைப் பிரித்தாள்.