ஆறு கம்பி வானம்

மார்ச் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, பழைய கார்களுக்கு உள்வேலை செய்து தரும் ஒரு பட்டறையில், அறுபது வருடப் பழசான காருக்குள் எழுபது வயதுத் தையல்காரர் மூச்சுவிட முடியாமல் மல்லாந்து கிடந்தார். மகளும் பக்கத்து லேத் பட்டறைக்காரரும் காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் க்ளிப்பை மாட்டினாள். எண் வரவில்லை. அடுத்த விரலிலும் வரவில்லை.

"என்னம்மா, தோல் இப்படி உரியுது?"

"தோல் இல்ல சிஸ்டர். காஞ்ச பசை."

மகள் தன் நகத்தாலேயே சுரண்டினாள். மஞ்சள் படலம் சுருள் சுருளாக வந்தது. பிறகு எண்ணும் வந்தது. அதைப் பார்த்ததும் நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அந்த எண் வராமலே இருந்திருக்கலாம் என்று மகளுக்குத் தோன்றியது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மூக்கையும் வாயையும் மூடும் இறுக்கமான மாஸ்க்கைப் போட்டுவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வெளிய போக வேண்டிய காத்து உள்ளயே தங்கிடுது. மாஸ்க்ல தேறலைன்னா தொண்டைக்குள்ள குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்."

"வச்சா அப்புறம் எடுத்துடலாமா டாக்டர்?"

"சில பேருக்கு எடுக்கலாம்." டாக்டர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த நுரையீரலுக்குச் சொல்ல முடியாது."

அப்பாவின் காதில் இதெல்லாம் விழுந்திருக்கிறது. மாஸ்க்கை ஒரு பக்கம் தள்ளினார்.

"குழாய் வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வானம் தொங்குது. போய் இழுத்துக் கட்டு."

"என்ன சொல்றாரு?" என்றாள் டாக்டர்.

அப்பா விரலை உயர்த்தி மேலே காட்டினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "தொங்குது பாரு."

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். கையில் ஹெல்மெட், கழுத்தில் கம்பெனி அட்டை. "உளர்றாரு டாக்டர். நீங்க குழாயைப் போடுங்க."

மகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கார்க் கூரையின் உள்பக்கம் கட்டும் துணிக்கு அவர்கள் வீட்டில் வானம் என்றுதான் பேர். 'இன்னிக்கு ஒரு வண்டி வந்துச்சு, வானம் கிழிஞ்சு' என்று சாப்பிடும்போது அப்பா சொல்வார். 'என் அப்பா வானம் தைக்கிறார்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதி, வாத்தியாரிடம் அடி வாங்கியவன் அண்ணன். அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் ஹெல்மெட்டின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வானம்னா கார்ல மேல கட்டுற துணி டாக்டர். காலையில அதைத்தான் ஒட்டிட்டிருந்தார். பாதி ஒட்டியாச்சு, மீதி தொங்குது. தெளிவாத்தான் சொல்றார்."

"வெளிய போகாம தங்குற வாயு ரத்தத்துல ஏறினா குடிச்ச மாதிரி ஆயிடும்மா. பேச்சு சரியா இருக்கற மாதிரியே இருக்கும். நிதானத்தோட வேண்டாம்னா நான் போட மாட்டேன். நிதானம் இல்லைன்னா அவர் பேச்சை நான் எடுத்துக்க முடியாது." டாக்டர் குனிந்தாள். "ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வேலை இருக்கற கிழமை."

"நல்லா இருக்கறப்பவே அவருக்குக் கிழமை தெரியாது டாக்டர்," என்றாள் மகள்.

"குழாய் வேண்டாம்னு முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"சித்தப்பாவுக்குப் போட்டாங்களே, அப்ப சொன்னார். நான் தைச்சிட்டிருந்தேன், பக்கத்துல வந்து நின்னு சொன்னார். எனக்கு இந்தக் கதி வரக்கூடாதுன்னு."

"உன்கிட்ட மட்டும் சொன்னாராக்கும்?" என்றான் அண்ணன்.

"நீ பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தாத்தானே உன்கிட்ட சொல்றதுக்கு?"

"இப்ப அதுவா பேச்சு? மூச்சு முட்டுற மனுஷன் என்ன வேணா சொல்லுவாருடி. நாமதான் காப்பாத்தணும்." கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை.

தலைமாட்டில் இருந்த மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ் அதன் வாயை அடைத்தாள்.

"ரொம்ப நேரம் இல்ல," என்றாள் டாக்டர். "இன்னிக்குப் பார்த்த வேலையிலேர்ந்து ஏதாவது கேளுங்க. பழசு வேண்டாம்."

மகள் யோசிப்பதற்குள் அண்ணன் குனிந்துவிட்டான். "அப்பா, நான் பெரியவன். அந்த வண்டி வானத்துல எத்தனை கம்பி?"

நியாயமான கேள்விதான். துணியைத் தாங்க, குறுக்கே விலா எலும்பு மாதிரி வளைந்த கம்பிகள் போகும். வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும். கம்பி நுழைகிற உறைகளை மகள்தான் சாம்பல் துணியில் தைத்தாள். ஆறு. ஆறாவது கோணிக்கொண்டு போய், பிரித்து மறுபடி தைத்தாள். 'வானத்தையே கோணலாக்கிட்டியே, மழை உன் தலையிலதான்டி பெய்யும்' என்று அப்பா சிரித்தார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இடது கையில் ஊசி ஏறியிருந்தது. வலது கை போர்வைமேல் கிடந்தது. கட்டைவிரல் மடங்கியது. பிறகு ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றாக மடங்கி, கை முஷ்டியாகி நின்றது.

"அஞ்சு."

டாக்டர் மகளைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான்.

"சரியாம்மா?"

அவள் அந்த முஷ்டியைப் பார்த்தாள். ஒரே ஒரு கம்பிதான் குறைந்தது. அதை அவர் மறந்தாரா, எண்ண விரல் இல்லாமல் போனதா, அந்த வாயுதான் அவரைப் பேச வைக்கிறதா? சித்தப்பா குழாயோடு கிடந்த வாரங்களில் வார்டு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தவர் அப்பா.

"சரிதான்."

"நிச்சயமாவா?"

"நான்தானே தைச்சேன் டாக்டர்."

டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டாள். "ஐயா, குழாய் போடலைன்னா மூச்சு நின்னுடலாம். புரியுதா?"

"புரியுது. வேண்டாம்." கொஞ்சம் கழித்து, கண்ணால் மகளைக் காட்டி, "பாப்பாவை அனுப்புங்க. பசை காஞ்சுடும்."

டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னாள். கட்டிலருகே கொண்டுவந்திருந்த குழாய்த் தட்டை மூடி நர்ஸ் எடுத்துப் போனாள்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் மகளும் அந்தப் பக்கம் அண்ணனும் உட்கார்ந்தார்கள். அப்பா தூங்கிப்போனார். மூச்சு வருவதும், நிற்பதும், மறுபடி வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் இருவரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அண்ணன் கேட்டான்.

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான்."

"அந்த மாடலுக்கு ஆறுன்னு ஞாபகம். லீவுல ஒண்ணுக்கு நான் கம்பி எடுத்துக் குடுத்திருக்கேன்."

"சிலதுக்கு ஆறு வரும்," என்றாள். "இதுக்கு அஞ்சு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அப்பாவின் போர்வை நுனியைச் சரிசெய்தாள்.

மதியம் பார்வையாளர்கள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா இறந்தார். மாஸ்க்கின் பட்டை கன்னத்தில் பதிந்திருந்த தடத்தை அண்ணன் கட்டைவிரலால் தேய்த்துவிட்டான். பிறகு எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனான்.