அடைப்புக்குறிக்குள் ஜெரூஷா

மூன்று நாளாக நானும் என் கணவர் அசரியாவும் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. மனுஷன் பால்கனியில் கேமராவைக் கட்டி, செம்பாக்கம் ஏரிப் பறவைகளை எண்ணும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். “கொக்கு எண்றதுக்கு யாரு சம்பளம் தருவா?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

இன்று நான்கு மணிக்கு அவருக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அந்தப் புரோகிராமைத்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று மணிக்கு அலாரம் வைத்துவிட்டுத் தரையில் தூங்கினார். வெளியே தூறல். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வீடு மெல்ல மிதப்பது போலிருந்தது.

ஆபீஸ் வேலைக்கு ஒரு பேக்கேஜ், அதாவது புரோகிராமுக்கு வேண்டிய துணை மென்பொருள், இன்ஸ்டால் செய்ய, வீட்டிலிருக்கும் ஒரே லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில், வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் என் பெயர். ஒரு புரோகிராமின் பேக்கேஜுகள் இன்னொன்றோடு மோதாமலிருக்கத் தனித்தனி அறை மாதிரி என்விரான்மென்ட் போட்டுவைப்பது வழக்கம். எனக்கென்று ஒன்று போட்டு, சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனசு இளகிவிட்டது. கட்டளையைத் தட்டினேன். வரிகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. கண் செருகியது.

விழித்தபோது, ஐந்து பழைய பேக்கேஜுகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைப் போட்டிருப்பதாகக் கடைசி வரி சொன்னது. எனக்கேது பழைய பேக்கேஜ்? பதறிப்போய் அவர் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. என் பெயர் போட்டிருந்தது அவருடைய அறை.

மணி இரண்டே முக்கால். மூன்று நாள் ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு அவரை உலுக்கினேன்.

“என்னங்க, எழுந்திருங்க. உங்க புரோகிராமைக் கெடுத்துட்டேன்.” அழுகை வந்துவிட்டது.

திரையைப் பார்த்தார். “உன் பேரை வச்சா யாரும் தொடமாட்டாங்கன்னு நெனச்சேன், ஜெரூ.”

“நானே தொட்டுட்டேனே!”

“அழாதே. எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன்னு லிஸ்ட் வச்சிருக்கேன். இதை அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்.”

அழித்த மறு நிமிடம் கரண்ட் போனது. கூடவே வைஃபையும். எங்கள் வீட்டில் செல்லுக்கு டவர் கிடைப்பது பால்கனியின் ஒரு மூலையில்தான், அதுவும் கையை உயர்த்திப் பிடித்தால். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

“இதுக்குப் பேர் என்ன வைக்க?” என்றார் உள்ளிருந்து.

“பழைய பேரே இருக்கட்டும். இனிமே தொடமாட்டேன்.”

இறங்கும் பேக்கேஜுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூறலுக்குள் ஒரு நாரை நின்றது, இல்லை, நடந்தது. எனக்கு நிச்சயமில்லை. அந்தக் குரலைக் கேட்டு மூன்று நாளாகியிருந்தது. அவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் புரோகிராம் ஓடியது. கரண்ட் மட்டும் வரவில்லை. இன்டர்வியூவும் என் கை தயவில்தான் நடந்தது.

“கொக்கு பதினாலு, நாரை மூணு,” என்று காட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது: “ஸ்கிரீன்ல ஜெரூஷான்னு இருக்கே, யாருங்க?”

“என் மனைவி மேடம். மத்தியானம் இந்த என்விரான்மென்ட் உடைஞ்சுபோச்சு. ஒரு மணி நேரத்துல திரும்பப் போட்டோம். நெட்டுக்காக இப்பவும் அவங்கதான் சாரல்ல போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.”

“அய்யோ, அப்ப சீக்கிரம் முடிச்சுக்கலாம். திங்கட்கிழமை அடுத்த ரவுண்டுக்கு வந்துடுங்க.”

உடைத்தது யார் என்று அவர் சொல்லவேயில்லை.

“போதும், உள்ள வா,” என்று கூப்பிட்டார். தோள் விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் கையை இறக்க மனம் வரவில்லை.